ஆறுதலின் ஊற்று

"இன்னொரு தடவ சொல்லிப் பாருங்கம்மா" என்றார் வேணுவனலிங்கம்.

ஜெசிந்தா சொன்னாள். "ஆறுதல்."

திரையில் பச்சைக் கோடு அசையவில்லை. தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பி சரியாக உட்காரவில்லையோ என்று அவர் எழுந்து வந்து பின்பக்கம் லேசாக அழுத்திவிட்டுப் போனார். தொப்பியில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து அறையில் 'புளிப்பு' என்ற சொல்லுக்காக உட்கார்ந்திருந்த சாயர்புரத்துக்காரருக்கு இதே மாதிரித் தொப்பியில் கோடு எகிறிக் குதித்துக்கொண்டிருந்தது. மனிதர் வாயைத் திறந்து சொல்வதற்குள் பாதிக் கட்டடத்துக்குப் பல் கூசியது.

ஜெசிந்தாவின் கோடு மட்டும் படுத்தே கிடந்தது. அவளுக்கு அதில் வியப்பொன்றும் இல்லை. கணவன் ரெமிஜியுஸ் செத்த நாளிலிருந்து அவளும் அப்படித்தான் கிடக்கிறாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரமாகிறது. இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பசித்தால் சாப்பிட்டாள், யாராவது படு என்றால் படுத்தாள். ஊரில் அவளை 'திடமான பொம்பள' என்று பேசிக்கொண்டார்கள்.

தூத்துக்குடி நிகரி வாரியத்துக்கு அவள் வருவது ஆண்டுக்கு ஒருமுறை. நிகரி வந்த பிறகு மொழிபெயர்ப்பு என்று ஒரு வேலையே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. காது மடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான், ஒரு ஸ்டிக்கர் பொட்டு அளவு. முந்தைய கருவிகள் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு சொல்லை வைத்தன. 'மானம்' என்று இங்கே சொன்னால் அங்கே ஏதோ ஒன்று விழும். விழுந்தது மானமா மரியாதையா வீறாப்பா என்று இரு பக்கமும் தெரியாமலே கைகுலுக்கிக்கொள்வார்கள். நிகரி அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒரு சொல் அதன் மொழிக்காரர் மனதுக்குள் என்ன செய்யுமோ, அதையே கேட்பவர் மனதுக்குள் செய்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே சொல் ஒவ்வொருவருக்குள்ளும் ஒவ்வொன்றைச் செய்கிறது. ஆகவே ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு சொல்லுக்கும், அந்தச் சொல் யாருக்குள் நிறைந்து கிடக்கிறதோ அவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்தான் அந்தச் சொல்லுக்கு ஊற்று. தமிழ் பேசும் யார் வாயிலிருந்து 'ஆறுதல்' வந்தாலும் வேற்று மொழிக்காரர் காதில் இறங்குவது ஜெசிந்தா மோத்தாவின் ஆறுதல்தான்.

அவளைத் தேர்ந்தெடுத்தபோது அவளுக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை. அப்பாவின் படகு புயலில் திரும்பாத சமயம். கடற்கரையில் வெயிலில் நின்று நின்று அவள் உடம்பு கொதித்துக் கிடந்தபோது, அண்டை வீட்டு ரெமிஜியுஸ் ஒரு கிளாஸ் டீயை அவள் எதிரிலேயே நின்று ஆற்றி ஆற்றிக் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அது உள்ளே போனதும் அவளுக்கு ஏதோ தணிந்தது. வாரியத்துக்காரர்கள் அந்தத் தணிவைத்தான் பதிந்துகொண்டு போனார்கள்.

அதனால் தமிழ் ஆறுதல் குளிர்ச்சியாக இருந்தது. நார்வேக்காரர்களின் சொல்லுக்கு ஊற்று, பனிக்கட்டிக்கு நடுவே மாடு வளர்க்கும் ஒருவர். அந்தச் சொல் காதில் விழுந்தால் கம்பளிக்குள் கணப்புப் பக்கம் உட்கார்ந்த கதகதப்பு வரும். மொம்பாசாக்காரர்கள் சொல்லும் சொல்லில் தோள்மேல் ஒரு கை விழும். மணிலாக்காரர்களுடையதில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் சமையல் செய்யும் சந்தடி கேட்கும். துக்கத்தில் இருப்பவரை ஏன் குளிரில் நடுங்க வைக்கிறீர்கள் என்று வடநாடுகளிலிருந்து புகார் வந்தது. சித்திரை மாதத்தில் எங்களுக்குக் கம்பளி போர்த்துகிறீர்களே, அது மட்டும் நியாயமா என்று தமிழ் வாரியம் பதில் எழுதியது. இப்படி உலகம் கொஞ்சம் சலித்துக்கொண்டும் கொஞ்சம் சிரித்துக்கொண்டும் ஒன்றையொன்று புரிந்துகொண்டிருந்தது.

சொற்கள் காலத்தோடு மாறும் என்பதால் ஊற்றுகளை ஆண்டுக்கொருமுறை உட்காரவைத்துப் புதுப்பிப்பார்கள். இந்த ஆண்டு ஜெசிந்தாவின் முறை ரெமிஜியுஸ் செத்த மறுமாதமே வந்து சேர்ந்தது. தள்ளிப்போட வாரியத்தில் வழி இருந்தது. அதற்கு ஊற்றே வாயால் கேட்க வேண்டும். அதைச் சொல்லிவிடத்தான் வேணுவனலிங்கம் அவள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் துக்க வீட்டில் ஆபீஸ் பேச்சை எப்படி எடுப்பது என்று தயங்கி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போய்விட்டார். ஜெசிந்தாவுக்கு அவர் எதற்கு வந்தார் என்பது புரிந்தது. ஆனால் தலைகீழாகப் புரிந்தது. பாவம், கேட்கக் கூச்சப்பட்டுப் போகிறார், மறுபடியும் அவரை அலைய வைப்பது மரியாதையில்லை என்று தானே கிளம்பி வந்துவிட்டாள். வந்து உட்கார்ந்தவளிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்பதும் மரியாதையில்லை அல்லவா. அவர் தொப்பியை மாட்டினார். இரண்டு பேருடைய நல்ல குணத்தினாலும் ஒரு பிணம் போன்ற கோடு உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ரெமிஜியுஸ் துறைமுகத்தில், கப்பல்களை உள்ளே கூட்டிவரும் வழிகாட்டிப் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். வெளிக்கடலில் நின்ற ஒரு நார்வேக் கப்பலின் கயிற்றேணியில் ஏறும்போது ஏணி அவிழ்ந்தது. கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் விழுந்தான். விசாரணை முடியும்வரை கப்பல் துறைமுகத்திலேயே கிடந்தது. அது கிளம்புகிற நாளன்று அதன் இரண்டாம் அதிகாரி இங்ரித் ஜெசிந்தாவின் வீட்டைத் தேடி வந்தாள். உயரமான பெண். வாசலில் செருப்பைக் கழற்றத் தெரியாமல் கழற்றிவிட்டு, நடுவீட்டில் நின்று அழுதாள்.

அந்த ஏணியின் முடிச்சைப் பார்க்க வேண்டிய முறை அன்றைக்குத் தன்னுடையது என்றாள். பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொல்லிவிட்டேன், விசாரணையிலும் அப்படியே சொன்னேன், உன்னிடம் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை என்றாள். பிறகு தன் மொழியில் ஆறுதல் சொன்னாள். ஜெசிந்தாவின்மேல் கம்பளி விழுந்தது. முதுகு வியர்த்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. உன் புருஷனைக் கொன்றவள் நான்தான் என்று ஒருத்தி நடுவீட்டில் நின்று சொல்கிறாள், எனக்கு ஏன் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவள் அழுகிறாளே என்ற பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"ஆறுதலா இரும்மா."

இங்ரித்தின் அழுகை பாதியில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனவளைப் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். முகம் வழித்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். புதுப்பித்த பொருள் முந்தின நாள்தான் உலகத்து நிகரிகளுக்கு ஏறியிருந்தது. அதை முதலில் வாங்கியவள் அவள்தான்.

பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் துக்கம், பயம், வெட்கம், குற்ற உணர்ச்சி எதுவானாலும் சில மணி நேரம் இருந்த இடம் தெரியாது. சந்தோஷமும் இருக்காது, அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. முதலில் கப்பல்களில் பரவியது. பிறகு மருத்துவமனைகளில் தமிழ் நர்சுகளுக்குச் சம்பளம் ஏறியது. பிறகு நர்சாக இருக்க வேண்டும் என்பதே இல்லை, தமிழராக இருந்தால் போதும் என்றானது. விமான நிலையங்களில், நீதிமன்ற வாசல்களில், வேலையை விட்டு ஆட்களை நீக்கும் கம்பெனிகளில் ஒரு தமிழர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரில் பெருமை தாங்கவில்லை. நம் மொழியின் ஒரு சொல் உலகத்தையே தூக்கி நிறுத்துகிறது என்று மேடைகள் போட்டார்கள். காயம் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, மனமும் ஆறுகிறது, மூன்றுக்கும் ஒரே சொல் வைத்த இனம் வேறு உண்டா என்று பட்டிமன்றம் நடந்தது. இரண்டு அணியும் உண்டு என்று சொல்லவில்லை. ஊற்று யார் என்பது வாரிய ரகசியம் என்பதால் யாரும் ஜெசிந்தாவைத் தேடி வரவில்லை. அவள் டிவியில் பட்டிமன்றத்தைப் பார்த்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

ஒரே ஒரு மனக்குறை எல்லோருக்கும் இருந்தது. நிகரி வேற்று மொழிக்காரர்களுக்கு நடுவில்தான் வேலை செய்யும். தமிழர் தமிழரிடம் ஆறுதல் சொன்னால் அது பழைய ஆறுதலாகவே இருந்தது. சொன்னவரின் மனதையும் கேட்டவரின் பொறுமையையும் பொறுத்தது. நம் சொல் நமக்கில்லையா என்று போராட்டம் கிளம்பியது. வாரியம் இறங்கி வந்து, தமிழிலிருந்து தமிழுக்கே மொழிபெயர்க்க ஆணை போட்டது. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும்.

மறு ஆண்டு, மழை முடிந்த சமயம், இங்ரித் மறுபடியும் வந்தாள். அதே கப்பல், பதவி உயர்ந்திருந்தது. சாக்லேட் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, இந்த முறை செருப்பைச் சரியாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். தன் ஊரைப் பற்றியும் புதிய அறையைப் பற்றியும் பேசினாள். நடுவில், அந்த ஏணி விஷயம் என்று ஆரம்பித்து, இப்போதெல்லாம் அது மனதில் வருவதேயில்லை, உன்னால்தான், என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். போன வாரம் மழை பெய்ததைச் சொல்கிற குரல்.

அந்த ஏணியை நினைக்க உலகத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருத்தி மரத்துப் போயிருந்தாள். மற்றவளாவது நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் தனக்கே தெரியாமல் ஜெசிந்தாவைத் தாங்கியிருக்கிறது. அதுவும் போய்விட்டது என்று தெரிந்ததும் ரெமிஜியுஸ் செத்துப் போனான். அப்போதுதான் செத்துப் போனான். இத்தனை மாதம் வராத அழுகை வயிற்றிலிருந்து கிளம்பியது. கோபமும் சேர்ந்து வந்தது. சாக்லேட் பெட்டியைத் தள்ளிவிட்டாள். அது சரிந்து சாக்லேட்டெல்லாம் தரையில் உருண்டது.

இங்ரித் பயந்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் மொழியில் அந்தச் சொல்லைச் சொன்னாள். ஜெசிந்தா கம்பளியை எதிர்பார்த்தாள். அந்த நேரத்தில் அது வியர்த்தாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

கம்பளி வரவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் வந்தது. ரெமிஜியுஸ் போய்விட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதற்கு அடுத்த நிமிஷம். தரை துடைக்கிற அம்மாள், "கால எடுத்துக்கிடுங்க" என்றாள். ஜெசிந்தா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தரை காயும்வரை. உள்ளே எல்லாம் நின்றுபோனது அந்த இடத்தில்தான். மற்றவர்களுக்கு அது வெறும் அமைதியாக இறங்கும், இடம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அழுகை அடங்கியது. தன்னுடையதையே தனக்கு ஊற்றுகிறார்கள் என்பது புரிந்தபோது, அதைக் கண்டு அதிரக்கூட முடியவில்லை.

உங்கள் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். எங்கள் ஊர் வாரியம் போன மாதமே மாற்றிவிட்டது என்றாள் இங்ரித். பழையது யாருக்கும் போதவில்லையாம். எல்லா மொழிக்காரர்களும் மாற்றிக்கொண்டார்கள், சொல் எங்களுடையது, பொருள் தமிழிலிருந்து எடுத்தது. அந்த மாட்டுக்காரருக்கு ஒரு பாராட்டு விழா நடத்தி அனுப்பிவைத்தார்களாம்.

சில மணி நேரத்தில் அது விலகியதும் வலி திரும்ப வந்தது. ஜெசிந்தா நேரே வாரியத்துக்குப் போனாள். வேணுவனலிங்கம் அவள் கண்ணைப் பார்த்ததுமே எழுந்து கதவைச் சாத்தினார்.

"எனக்கு மறுபடி எடுங்க சார். பழையபடி வருதான்னு பாப்போம்" என்றாள்.

அவர் தொப்பி இருந்த அலமாரியைப் பார்த்தார், எழுந்து போகவில்லை. இனிமேல் இந்தச் சொல்லுக்குப் புதுப்பிப்பே வேண்டாம் என்று எல்லா நாட்டு வாரியங்களும் சேர்ந்து முடிவு செய்துவிட்டதைச் சொன்னார். இன்றைக்கு அவளைப் பதிந்தால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறவன், தூக்கு மேடைக்கு நடக்கிறவன், பிள்ளையைப் பறிகொடுத்தவள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு அழுவார்கள் என்றார். அவளே கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, கேட்காமலேயே தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். மகளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் அவள் கட்டில் பக்கம் நின்று ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொல்கிறார். அதற்கப்புறம்தான் அவள் எழுந்து பல் விளக்குகிறாள்.

"அவ எந்திரிக்கணும்லம்மா" என்றார்.

அந்த மனிதர்மேல் ஜெசிந்தாவுக்குக் கோபம் இல்லை. அந்தப் பெண் எழுந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் தன் நெஞ்சு எரிகிறது, அதுவும் பொய்யில்லை.

"எனக்கு ஒருத்தர் ஆறுதல் சொல்லணும்னா எந்த பாஷையில சொல்லுவாங்க சார்?"

அவர் யோசித்தார். நேர்மையானவர், யோசித்துத்தான் பார்த்தார். எல்லா மொழியையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார். அவளைப் பஸ் ஏற்றிவிட வாசல்வரை கூடவே வந்தார். வழியில் அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அவரால் செய்ய முடிந்த உதவி.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தா காதிலிருந்து நிகரியைப் பிய்த்து அலமாரியில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதாள். வலி முழுசாக வந்தது. ரெமிஜியுஸின் இருமல், அவன் கோணல் நடை, சம்பளத்தன்று மட்டும் போட்டுக்கொள்ளும் செண்ட்டு எல்லாம் வந்தது. எரிந்தது, ஆனாலும் அவன் வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. இதைத் தனியாகத் தாங்க முடியாது, யாராவது ஒருவர் கூட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

தங்கை கில்டா வந்தாள். அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளைப் பெண் கேட்டு வந்தபோது அப்பா இடத்தில் உட்கார்ந்து பேசி முடித்தவன் ரெமிஜியுஸ். அக்கா அழுவதைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தான் போயிட்டாவளேக்கா" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். ஆண்டு ஒன்றாகப் போகிறது, அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து அழுவது அன்றுதான் முதல் தடவை. ஜெசிந்தா தங்கையைக் கட்டிக்கொண்டாள். கில்டாவின் கண்ணீர் அவள் கழுத்தில் ஓடியது. நெஞ்சு எரிவது நிற்கவில்லை, ஆனால் இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதுபோல் ஒரு பக்கம் கொஞ்சம் லேசாகியது. இப்படி இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தாள்.

கில்டாவுக்கு மூச்சு முட்டியது. இப்படி அழுது அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"தாங்க முடியலக்கா. எனக்கு ஒரு தடவ சொல்லேன்."

"வேண்டாம்ட்டி. இன்னுங் கொஞ்ச நேரம் இப்படியே இரு."

"நெஞ்ச அடைக்குக்கா. செத்துருவேன் போலருக்கு. சொல்லுக்கா."

ஜெசிந்தா அவள் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து இந்த முகம் கேட்டு அவள் இல்லை என்று சொன்னதில்லை. கில்டாவின் காதுக்குப் பின்னால் நிகரி இருந்தது. சொன்னால் அவளுக்குள் இறங்கப்போவது எது, சொன்ன பிறகு இங்கே தனியாக இருக்கப்போவது யார் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். இருந்தும் அக்கா அக்காதானே.

"ஆறுதலா இருட்டி" என்றாள்.

கில்டாவின் விம்மல் பாதியில் நின்றது. அக்காவின் முதுகில் இறுகியிருந்த கை தளர்ந்தது. ஒப்புக்கு இரண்டு முறை தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். குழாயடியில் முகம் கழுவி, முந்தானையில் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வந்தாள். ஜெசிந்தா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். கில்டா அவளைத் தாண்டி அடுப்படிக்குள் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தாள்.

"மத்தியானத்துக்கு ஒண்ணும் வைக்கலியாக்கா?" என்று உள்ளிருந்து கேட்டாள். "சாளை வாங்கட்டா, கணவா வாங்கட்டா?"